மனிதனும் செயற்கை நுண்ணறிவும் ஒன்றாகிவிடும் காலம் வருமா?

‘மனிதன் செயற்கை நுண்ணறிவோடு இணைந்துவிடுவானா, அது நல்லதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரம்பூரில் எங்கள் வீட்டில் அந்த இணைப்பு தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

என் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். இரண்டரை வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் எனப்படும் செவிக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில். காதுக்குப் பின்னால், ஒலியை வாங்கி மாற்றி அனுப்பும் சிறு கருவி ஒன்று இருக்கும்; அதைச் செயலி என்பார்கள். அதிலிருந்து கேபிள் வழியாகப் போகும் வட்டமான கம்பிச்சுருள், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு அடியில் இருக்கும் கருவி, செவியின் நத்தைச்சுருளுக்குள் செருகிய 22 மின்முனைகள் வழியாக நரம்பைத் தூண்டும். நமக்கெல்லாம் அதே இடத்தில் ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அவளுக்கு 22 புள்ளிகள். உலகம் முழுவதும் அதற்குள்ளேதான் வந்தாக வேண்டும்.

ஸ்விட்ச் ஆன் செய்த அன்று வீறிட்டு அழுதாள். அது ஒலி என்பதே அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு தினமும் காலையில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொல்வேன்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். கேட்டால் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். பல வாரங்கள் ‘ஸ்’ஸுக்குக் கொட்டை விழவே இல்லை. எட்டாவது மாதம் தெருவில் கோலமாவு விற்பவர் கூவிக்கொண்டு போனபோது, விளையாடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து வாசலைக் காட்டினாள். கரண்டியோடு அப்படியே நின்றேன்.

கருவியைப் பொருத்தச் சில மணி நேரம் போதுமாக இருந்தது. அது அவளுடைய காதாக ஆவதற்கு மூன்று வருடம் பிடித்தது. அதனால்தான், மூளையில் ஒரு சில்லு வைத்தால் மறுநாளே பத்து மொழி பேசலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. மூளை தன் வேகத்தில்தான் கற்றுக்கொள்ளும்.

இப்போது நடப்பவற்றை ஆர்வமாகப் படிக்கிறேன். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் 1,024 மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தியது. தோள்களுக்குக் கீழே உடல் செயலிழந்த நோலண்ட் ஆர்பா, நினைத்த மாத்திரத்தில் கணினியில் சதுரங்கம் ஆடினார். சில வாரங்களில் மின்முனை இழைகளில் பல இடம் நழுவிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் சமாளித்தார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில், நரம்புச் சிதைவு நோயால் பேச்சை இழந்த ஒருவர் சொல்ல முயன்றதை 256 மின்முனைகளும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து 97 சதவீதம் வரை சரியாகப் படித்தன. நோய்க்கு முன் பதிவாகியிருந்த அவருடைய சொந்தக் குரலைப் போலவே கணினி அதை உரக்கச் சொன்னது. அந்தக் குடும்பம் அந்தக் குரலைக் கேட்ட நொடியை என்னால் உணர முடிகிறது.

ஆகவே, நல்லதா என்றால் நல்லதுதான். என் கவலை உதிரிபாகங்களைப் பற்றியது.

போன வருடம் செயலியின் கேபிள் போய்விட்டது. சேவை மையத்தில், “இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் அம்மா, புதியதுதான் வாங்க வேண்டும்” என்றார்கள். விலை லட்சங்களில். தலைக்குள் இருக்கும் கருவி நன்றாக இருக்கிறது, வெளியில் ஒரு சாண் கம்பி இல்லை, என் பிள்ளை நான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, தாம்பரத்தில் ஒரு குடும்பம் தங்கள் பழைய கேபிளைக் கொடுத்தது. உடம்பின் ஒரு பகுதியை யாரோ கணக்குப் பார்த்து நிறுத்திவிட முடியும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் தயாரித்த ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை உலகம் முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் கருவி இருக்க, பழுது பார்க்க ஆளில்லாமல் போனது. உள்ளே வைப்பவர் எத்தனை ஆண்டு பராமரிப்பார் என்பதைச் சட்டம் கேட்க வேண்டும். சிலி நாடு 2021-இலேயே மூளைச் செயல்பாட்டைப் பாதுகாக்கும் பிரிவைத் தன் அரசியலமைப்பில் சேர்த்துவிட்டது. இங்கே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மகளின் பழைய செயலி ஒலியை அப்படியே மாற்றி அனுப்பும். புதியவை, இருக்குமிடம் அமைதியா, கூட்டமா, இசையா என்று தாமே கணித்து, தேவையற்றது என்று நினைப்பதைக் குறைத்துவிடுகின்றன. சென்ற மாதம் அப்படி ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு 29சி பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள், “அம்மா, உங்கள் குரல் மிகத் தெளிவாக இருக்கிறது” என்றாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சற்று நேரம் கழித்து, “பஸ் நின்றுவிட்டதா?” என்று கேட்டாள்.

“இல்லையே, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.”

வெளியே பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, செயலியின் அமைப்புகளில் அந்த வசதியைத் தேடி நிறுத்தினாள். முன்னிருக்கையின் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தலையாட்டினாள்.

“இப்போது கேட்கிறது. எனக்கு வண்டிச் சத்தமும் வேண்டும்.”