இரும்பு ஆர்ச் பாலம்: நீங்கள் கேட்டதும் எனக்குத் தெரிந்ததும்

கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன் நான். எஃகுப் பாலங்களுக்கான ஃபேப்ரிகேஷன் யார்டிலும் சைட்டிலுமாக 28 வருஷம் வேலை பார்த்தேன். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லையாக ஓடும் நயாகரா ஆற்றின் மேல் நிற்கும் ரெயின்போ பாலத்தைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

கேள்வி (பாகூர், கல்லூரி மாணவர்): சார், ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லையே, எப்படி நிற்கிறது?

தம்பி, ஒரு மூங்கில் பத்தையை வளைத்து இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்க. பத்தை உடையாது, செங்கல்தான் நகரும். ஆர்ச்சின் சூட்சுமமே அதுதான். மேலே போகிற வண்டியின் பாரம் வளைவு வழியாகவே இறங்கிக் கரைகளைக் கீழேயும் வெளிப்பக்கமும் தள்ளுகிறது, கரை அசையாதவரை பாலம் அசையாது. அங்கே இரண்டு பக்கமும் பாறை. அந்தத் தைரியத்தில்தான் 290 மீட்டரை ஒரே வளைவில் தாண்டியிருக்கிறார்கள். 1941 நவம்பரில் திறந்தார்கள்.

கேள்வி (ஆல்பேட்டை): அப்போ நம்ம தென்பெண்ணையில் இப்படி ஒன்று போட்டால் என்ன அண்ணே? கும்தாமேடு தரைப்பாலம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மூழ்குதே.

இந்தக் கேள்வியை ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள், ஆதங்கம் எனக்கும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது கடலூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் ஆற்றங்கரையில் சாய்ந்துகொள்ளப் பாறை எங்கே இருக்கிறது? மணல், வண்டல், அதற்குக் கீழே களிமண். அந்தத் தள்ளலை இந்த மண் தாங்காது. அதனால்தான் இங்கே அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் கிணறு இறக்கியோ பைல் என்கிற ஆழக் கம்பம் அடித்தோ வரிசையாகத் தூண் எழுப்புகிறோம்.

வளைவுதான் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. வில்லுக்கு நாண் கட்டுவதுபோல வளைவின் இரண்டு காலையும் ஓர் எஃகுக் கட்டால் இழுத்துப் பிடித்துவிட்டால் தள்ளுகிற விசையை அந்த நாணே வாங்கிக்கொள்ளும், கரைக்கு நேர்ப்பாரம் மட்டும்தான். போஸ்ட்ரிங் பாலம் என்பது இதுதான். அப்படிப் போட்டாலும் அஸ்திவாரம் மண் அரிப்பு எட்டாத ஆழத்துக்குப் போயே ஆக வேண்டும். வெள்ள நேரத்தில் தூணின் காலடியில் தண்ணீர் சுழன்று மணலைத் தோண்டும், அந்தக் குழி வெள்ளம் வடியும்போது தானாகவே தூர்ந்துவிடுவதால் பிறகு போய்ப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு எப்போதும் பயம் அந்தக் குழிமேல்தான்.

கேள்வி: பாறை இருந்தும் நயாகராவில் பழைய பாலம் ஒன்று விழுந்ததாமே?

ஆமாம். ஹனிமூன் பாலம் என்று சொல்வார்கள், 1898இல் கட்டியது, அதுவும் எஃகு ஆர்ச்தான். 1938 ஜனவரியில் ஈரி ஏரியிலிருந்து பலத்த காற்று பனிக்கட்டிகளை அருவி வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தது. பனி ஆற்றில் மலைபோலக் குவிந்து வளைவின் கால்களை நெருக்கியது. 27ஆம் தேதி பாலம் அப்படியே பனிமேல் சரிந்தது. முன்னதாகவே போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வளைவில் குறை இல்லை, கால் தண்ணீருக்கு ரொம்பக் கிட்டே இருந்ததுதான் வினை. ரெயின்போ பாலத்தின் கால்களைப் பனி எட்டாத உயரத்தில் பாறையில் ஊன்றினார்கள்.

கேள்வி (முத்தியால்பேட்டை, பாலிடெக்னிக் ஆசிரியை): இரண்டு கரையிலிருந்தும் கட்டி வந்தால் நடுவில் எப்படிப் பொருந்தும்?

மேடம், இதற்கு விக்டோரியா அருவிப் பாலம்தான் நல்ல உதாரணம். இன்றைய ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேவுக்கும் நடுவே, ஜாம்பெசி ஆற்றின் மேல், 156.5 மீட்டர் வளைவு, ரயிலும் ரோடும் ஒன்றாகப் போகிறது. இரண்டு பாதியையும் கம்பிவடத்தால் பின்னால் பாறையோடு இழுத்துக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் துண்டு துண்டாக நீட்டி வந்தார்கள். கடைசித் துண்டை வைக்கும்போது ஒன்றேகால் அங்குலம் மிஞ்சி நின்றது. பகல் வெயிலில் எஃகு நீண்டிருந்தது, அவ்வளவுதான். யாரும் எதையும் வெட்டவில்லை. இரவுக் குளிரில் சுருங்கி, மறுநாள் 1905 ஏப்ரல் 1 காலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. நாங்களும் முக்கியமான ஜாயின்ட்டை விடியற்காலையில்தான் போடுவோம்.

கேள்வி: ரெயின்போ எல்லைப் பாலத்தை யார் பராமரிப்பது? பாதிப் பாதியா?

இல்லை. இரண்டு பக்கமும் நான்கு நான்கு பேராக எட்டுப் பேர் கொண்ட ஆணையம் ஒன்று இருக்கிறது. சுங்க வசூலில்தான் அது நடக்கிறது. அப்புறம், ரெயின்போவில் லாரி போக முடியாது. அவை ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் லூயிஸ்டன்-குயின்ஸ்டன் பாலத்துக்குப் போக வேண்டும், அதுவும் ஆர்ச்தான், 1962இல் திறந்தது.

கேள்வி (தேவனாம்பட்டினம்): நம்ம கடற்காற்றுக்கு எஃகு தாங்குமா?

தாங்கும், பெயிண்ட் அடிக்கிறவர் மனசு வைத்தால். ஒரு சைட்டில் இரண்டு தகடு சேரும் இடத்தில் நூல் அளவு சந்து விட்டுவிட்டு மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் போய்ப் பார்த்தால் உள்ளே பிடித்த துரு தகட்டையே உப்பவைத்துப் போல்ட்டுக்கு நடுவே அலைபோல வளைத்திருந்தது, விரலை வைத்துத் தடவினாலே தெரிந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மணல் பீச்சி வெள்ளையாகும்வரை சுத்தம் செய்து, அன்றைக்கே துத்தநாக பிரைமர் அடித்து, சந்துகளை அடைத்து, தண்ணீர் தேங்கும் மூலையிலெல்லாம் வடிகால் ஓட்டை விட்டுவிடுங்கள். அந்த ஓட்டைகளை வருஷம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு கம்பி விட்டுக் குத்திப் பாருங்க.