வாசகர் கேள்வி–பதில்: பேஸ்பாலும் சாஃப்ட்பாலும்

(2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால், அதைவிடச் சிறிய மைதானத்தில் பெரிய பந்தைக் கீழிருந்து எறிந்து ஆடும் சாஃப்ட்பால் ஆகிய இரண்டு ஆட்டங்களும் திரும்பி வருகின்றன. மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.)

கே: டோக்கியோ ஒலிம்பிக்கில் பேஸ்பால் தங்கம், சாஃப்ட்பால் தங்கம் இரண்டையும் ஜப்பானே வாரிக்கொண்டு போனது. சொந்த மண் ராசிதானே?
– மேலூர் வாசகர்

ப: பேஸ்பாலைப் பொறுத்தவரை ராசிக்கும் பங்கு உண்டு. 2021-ல் நடந்த அந்தப் போட்டிக்காக ஜப்பான் தன் தொழில்முறை லீக்கையே இடையில் நிறுத்தி வைத்தது. அமெரிக்காவின் மேஜர் லீக் நிறுத்தவில்லை. அதன் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக் பக்கமே வரவில்லை. ஆனால் நாடுகளுக்கு இடையே நடக்கும் உலக பேஸ்பால் கிளாசிக்கில் 2023-ல் அமெரிக்கா பெரிய தலைகளோடு வந்தும் இறுதியில் ஜப்பான் 3-2 என்று வென்றது. கடைசி எறியை எறிந்தவர் ஜப்பானின் ஷோஹெய் ஓஹ்தானி, அவுட்டானவர் அமெரிக்காவின் மைக் ட்ரவுட். அப்போது ஆட்டம் நடந்தது மயாமியில்!

சாஃப்ட்பாலில் அந்தச் சாக்கும் செல்லாது. அமெரிக்கா தன் முழு பலத்தோடுதான் வந்தது. 1996, 2000, 2004 மூன்று தங்கமும் அவர்களுடையவை. 2004-ல் ஏதென்ஸில் ஒன்பது ஆட்டங்களில் 51 ரன் எடுத்து, எதிரணிகளுக்கு ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட அணியை 2008 பெய்ஜிங்கில் 3-1 என்றும், 13 ஆண்டு கழித்து டோக்கியோவில் 2-0 என்றும் ஜப்பான் வீழ்த்தியது.

டோக்கியோ இறுதியின் ஆறாவது இன்னிங்ஸை எங்கேயாவது தேடிப் பாருங்கள். பேஸ்களில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய கட்டத்தின் மூலைகளில்) அமெரிக்க வீராங்கனைகள் நிற்கிறார்கள். அடித்த பந்து மூன்றாம் பேஸில் நின்ற யு யமமோட்டோவின் முன்கையில் பட்டுத் தெறிக்கிறது. தரையில் விழுமுன் அதை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) மனா அட்சுமி பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அடித்தவரும் பேஸை விட்டு நகர்ந்தவருமாக இரட்டை அவுட்; இன்னிங்ஸே முடிந்தது. தெறித்தது அதிர்ஷ்டம்தான். தெறித்த பந்து விழும் இடத்துக்கு ஷார்ட்ஸ்டாப் ஏற்கெனவே நகர்ந்திருந்தார் பாருங்கள், அது பயிற்சி. பக்கத்தில் நிற்பவர் பந்துக்குப் போனால் அவருக்குப் பின்னால் நீங்கள் போய் நிற்க வேண்டும். நம் பள்ளி அணிகளில் அந்த நேரத்தில் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்பதுதான் வழக்கம்.

கே: ஜப்பான் சாஃப்ட்பால் பிட்சர் (பந்து எறிபவர்) உயேனோ இரண்டே நாளில் 413 பந்து எறிந்தார் என்கிறார்கள். கீழிருந்து எறிவதால் தோளுக்குச் சேதம் வராது என்று நம்பலாமா? என்னிடம் நன்றாக எறியும் மாணவி ஒருத்திதான் இருக்கிறாள்.
– வாடிப்பட்டிப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியை

ப: 413 உண்மை. 2008 பெய்ஜிங்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் 318, மறுநாள் இறுதியில் 95. ஆனால் அதை அளவுகோலாக வைக்காதீர்கள். அப்போது யுகிகோ உயேனோவுக்கு வயது 26, உடல் முழுதாக முற்றியிருந்தது. காற்றாலை போல முழு வட்டம் சுற்றி எறியும்போது தோளை வெளியே இழுக்கும் விசை, பேஸ்பால் எறிக்கு ஏறத்தாழ இணையானது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். முதலில் வலிக்கும் இடம் தோளின் முன்பக்கம், புஜத் தசை எலும்போடு சேரும் இடம். அங்கே வலி என்று மாணவி சொன்னால் அன்றோடு எறி நிற்க வேண்டும். தைலம் தேய்த்து அடுத்த இன்னிங்ஸுக்கு அனுப்புவது கூடாது. அடுத்தடுத்து இரண்டு நாள் எறிந்தால் மூன்றாம் நாள் ஓய்வு. வார்ம்–அப் எறிகளையும் கணக்கில் சேருங்கள். இரண்டாவது பிட்சர் ஒருத்தியை இன்றைக்கே தயார் செய்யத் தொடங்குங்கள்.

கற்றுத்தரும் வரிசை: முதலில் சுவரிலிருந்து 3 மீட்டரில் நின்று மணிக்கட்டைச் சொடுக்குவது மட்டும். பிறகு அரை வட்டம். அது நேராகப் போனபின் 8 மீட்டரில் முழு வட்டம். கடைசியில்தான் பெண்களுக்கான 13.11 மீட்டர். பந்து கையை விட்டுப் போகும் இடம் இடுப்புக்குப் பக்கத்தில். முன்கை இடுப்பை லேசாக உரசிப் போனால் சரி.

பந்து உயரே போகிறதா? தாமதமாக விடுகிறாள், அல்லது பின்னால் சாய்கிறாள். முன்னாலேயே தரையில் குத்துகிறதா? சீக்கிரம் விடுகிறாள், அல்லது குனிகிறாள். பக்கவாட்டில் விலகினால் கையைத் திருத்தாதீர்கள், காலைப் பாருங்கள். பிட்சர் நிற்கும் எறியும் பலகையிலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் இருக்கும் ஹோம் பிளேட் வரை சுண்ணாம்புக் கோடு ஒன்று போடுங்கள். முன்கால் அந்தக் கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழுந்தால் இடுப்பு வழியை மறிக்கும். கை சுற்றிக்கொண்டு போகும். நூறு முறை ‘நேரா எறி’ என்று கத்துவதைவிட அந்தக் கோடு நன்றாக வேலை செய்யும்.

கே: சாஃப்ட்பால் என்றால் மெதுவான பந்துதானே? கிரிக்கெட் ஆடும் பையனுக்கு அதில் என்ன சிரமம்?
– செல்லூர் வாசகர்

ப: பெயரைக் கேட்டு ஏமாந்துவிட்டீர்கள். பந்து மாதுளம்பழ அளவு, சுற்றளவு 30.5 செ.மீ., எடை 178 முதல் 198 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கனம், மென்மையும் இல்லை. சர்வதேசப் பெண்கள் ஆட்டத்தில் மணிக்கு 110 கி.மீ. சாதாரணம். எறிபவர் முன்னால் காலெடுத்து வைப்பதையும் கழித்தால் பந்து ஏறத்தாழ பதினொன்றரை மீட்டர்தான் வர வேண்டும்; 0.37 விநாடி. 150 கி.மீ. வேக பேஸ்பாலுக்கே 0.40 விநாடி கிடைக்கிறது. உங்கள் பையன் முதலில் தடுமாறப்போவது வேறு இரண்டில்: லேட் கட் போலப் பின்னால் தட்டினால் இங்கே ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போன, ரன் கிடைக்காத அடி); ஓடும்போது மட்டையைக் கீழே போட்டுவிட வேண்டும்.

கே: கியூபா ஒரு காலத்தில் அசைக்க முடியாத பேஸ்பால் அணி. இப்போது ஏன் பேச்சே இல்லை?
– உசிலம்பட்டி வாசகர்

ப: 1992, 1996, 2004 ஒலிம்பிக் தங்கங்கள், பழைய பேஸ்பால் உலகக் கோப்பையில் 25 பட்டங்கள். பெரும்பாலும் அமெச்சூர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்த காலத்துச் சாதனை இது. கியூபாவில் அரசே ஆட்டக்காரர்களை முழுநேரமும் பராமரித்தது. 2000 சிட்னியிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் வந்தார்கள், 2006-ல் உலக பேஸ்பால் கிளாசிக் தொடங்கியது. சிறந்த கியூபர்கள் பலர் நாட்டை விட்டே அமெரிக்க லீக்குக்குப் போனார்கள். 2023-ல் அரையிறுதி வரை வந்து அமெரிக்காவிடம் 14-2 என்று தோற்றார்கள். விதை நெல்லை விற்றுவிட்டு விளைச்சலுக்குக் காத்திருக்கும் நிலை.

கே: எங்கள் மைதானத்தில் சாஃப்ட்பால் கட்டம் ஒவ்வொரு தடவையும் கோணலாக வருகிறது. 30 மீட்டர் டேப் ஒன்றுதான் இருக்கிறது.
– திருமங்கலம் பள்ளி ஆசிரியர்

ப: மூலைமட்டம் தேவையில்லை, அந்த டேப்போடு ஒரு நூல் கயிறு போதும். ஹோம் பிளேட்டின் பின்முனையில் ஆணி அடித்து, அங்கிருந்து நேராக 25.86 மீட்டரில் இன்னொரு ஆணி; அதுதான் இரண்டாம் பேஸின் நடு. கயிற்றை 36.58 மீட்டர் நீளத்துக்கு அளந்து, சரிபாதியில் முடிச்சுப் போடுங்கள். இரு நுனிகளையும் இரண்டு ஆணிகளில் கட்டி, முடிச்சைப் பிடித்து வலப்பக்கம் விறைப்பாக இழுத்தால் முதல் பேஸின் மூலை. இடப்பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ். எறியும் பலகை அதே நடுக்கோட்டில், பின்முனையிலிருந்து பெண்களுக்கு 13.11, ஆண்களுக்கு 14.02 மீட்டர்.

கோணலாவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஹோம் பிளேட்டின் முன்விளிம்பிலிருந்து அளப்பது ஒன்று. முதல், மூன்றாம் பேஸ்களைக் கோட்டுக்கு வெளியே வைப்பது மற்றொன்று. அவை கோட்டின் உள்பக்கம் அடங்க வேண்டும். இரண்டாம் பேஸ் மட்டும்தான் ஆணியின் மேல் நடுவாக உட்காரும். முதல் பேஸ் வெள்ளை, ஆரஞ்சு என இரண்டு பாதி; ஆரஞ்சு நிறப் பாதி மட்டும் வெளியே, ஃபவுல் பக்கம் இருக்கும். ஓடி வருபவர் அதை மிதித்தால் பிடிப்பவரோடு மோத மாட்டார்.

உங்கள் பக்கம் கரிசல். காய்ந்து வெடித்திருந்தால் தரையில் உருளும் பந்து எகிறி முகத்துக்கு வரும். ஆட்டத்துக்கு முந்தின மாலை நீர் தெளித்து, காலையில் பரம்புப் பலகை இழுத்து விடுங்கள். பேஸ்களுக்கு முன்னால் ஒன்றரை மீட்டராவது கொத்திப் பொடியாக்குங்கள். சறுக்கி வருபவரின் தொடைத் தோல் தப்பும்.

கே: மாற்று ஆளுக்கு இடம் விட்டு வெளியே போன சாஃப்ட்பால் வீராங்கனை மறுபடி ஆட வரலாமா?
– திருப்பரங்குன்றம் மாணவி

ப: பேஸ்பாலில் கூடாது. சாஃப்ட்பாலில் தொடக்க வரிசையில் இருந்தவர் ஒரு தடவை திரும்பலாம், ஆனால் பேட்டிங் வரிசையில் தன் பழைய இடத்துக்கே. டோக்கியோ இறுதியில் உயேனோ வெளியேறி, மியு கோதோ எறிந்து, ஏழாவது இன்னிங்ஸை முடிக்க உயேனோவே திரும்பி வந்தது இந்த விதியால்தான். போவதையும் வருவதையும் பிளேட் நடுவரிடம் சொல்லி ஸ்கோர் தாளில் ஏற்றச் சொல்லுங்கள். சொல்லாமல் இறங்கினால் எதிரணி முறையிடும்போது தண்டனை உங்கள் அணிக்குத்தான்.