தட்டிக்கொடுப்பது ஊக்கமாகுமா?

கேள்வி: துன்பத்தில் இருப்பவர்களுக்குப் பிறர் தரும் ஊக்கம் பெரிய பலம் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். என் தம்பி விபத்தில் ஒரு காலை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ‘உன்னால் முடியும்’ என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. விபத்துக்கு முன் கணக்கு எழுதுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மன உறுதி உள்ளவர்கள் தாமாக எழுந்துவிடுகிறார்கள், இல்லாதவர்களை யாராலும் எழுப்ப முடியாது என்பதுதானே உண்மை? ஊக்கத்தால் ஒருவர் மீண்டார், பிறகு ஊருக்கும் உழைத்தார் என்பதெல்லாம் வென்றவர்களைப் பற்றிப் பின்னால் கட்டப்படும் கதைதானே? (ஒரு வாசகி)

பதில்: வந்து போகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது முற்றிலும் சரி. ‘கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறவரால் உங்கள் தம்பிக்கு ஒரு பயனும் இல்லை. தன் துயரத்தை ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை என்ற எண்ணம் அதனால் வலுத்திருந்தால்கூட நான் வியப்படைய மாட்டேன். ஆனால், அதை வைத்துக்கொண்டு ஊக்கம் என்பதே கட்டுக்கதை என்று நீங்கள் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் தந்தது ஆறுதல். சிலர் பாராட்டும் தந்திருக்கலாம். விழுந்து கிடப்பவரை நம்பி, அவர் செய்தால்தான் நடக்கும் என்ற ஒரு வேலையை அவரிடம் ஒப்படைப்பதைத்தான் நான் ஊக்கம் என்பேன். அதை இந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவராவது செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

மேரி வர்கீஸ் என்ற மருத்துவரின் வாழ்க்கையைப் பாருங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிவந்த இளம் மருத்துவரான அவர், 1954 இல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இரண்டு கால்களின் செயலையும் இழந்தார். தொழுநோயால் முடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை அதே மருத்துவமனையில் வளர்த்துவந்த பால் பிராண்ட், அவருக்கு ஆறுதல் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம், அதை நீங்கள் செய்யலாமே என்று ஒரு வழியைக் காட்டினார்.

இந்த யோசனையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது விரல்கள் பறவையின் நகம்போல மடங்கி நின்றுவிடுகின்றன. நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணைப் பிரித்தெடுத்து, செயலற்ற விரலுக்குக் கொண்டுபோய்த் தைத்தால், அந்த விரல் மறுபடியும் நீண்டு ஒரு பொருளைப் பிடிக்கும். நோயாளியின் கை ஒரு சிறு மேசையின்மேல் நீட்டியிருக்க, மருத்துவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. வேண்டியவை கூர்மையான கண், நடுங்காத விரல், பொறுமை. மூன்றும் மேரி வர்கீஸிடம் அப்படியே இருந்தன. எல்லோரும் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய நேரத்தில், அவருடைய கைகளைப் பார்த்த ஒருவர் இருந்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்த அறுவைகளைச் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால், முதுகுத்தண்டு அடிபட்டவர்களையும் பிறரையும் மீண்டும் வாழ்க்கைக்குப் பழக்குவதற்கான மறுவாழ்வு நிலையம் 1966 இல் வேலூரில் திறக்கப்பட்டது.

அவருக்கு மன உறுதி இருந்தது, அதனால்தான் முடிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், அந்த உறுதி போய்ச் செயல்பட ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை இன்னொருவர் காட்டினார்.

உங்கள் வாதத்துக்கு ஆன் சல்லிவனைவிட நல்ல சாட்சி இல்லை என்று முதல் பார்வையில் தோன்றலாம். 1866 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த அவருக்குச் சிறு வயதிலேயே கண்நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது; தாய் இறந்தார், தந்தை கைவிட்டார். 1876 இல் தம்பி ஜிம்மியுடன் ட்யூக்ஸ்பரி என்ற ஊரின் ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டார். சில மாதங்களில் தம்பி அங்கேயே இறந்துபோனான். 1880 இல் அந்த விடுதியைப் பார்வையிட ஓர் அரசுக் குழு வந்தது. முகம் சரியாகத் தெரியாத அந்த மனிதர்களின் பின்னாலேயே நடந்த அந்த 14 வயதுச் சிறுமி, அவர்கள் புறப்படும் நேரத்தில் முன்னே பாய்ந்து, நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அழுதாள். அந்த அழுகையில் இருந்தது அவளுடைய சொந்த உறுதிதான். ஆனால், வந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டதால்தான், அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. கேட்காமல் அவர்கள் வண்டியேறியிருந்தால், அதே உறுதியோடு அவள் அந்த விடுதிச் சுவருக்குள்ளேயே முடிந்துபோயிருப்பாள். அப்படி முடிந்துபோனவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை என்பதால், உறுதியுள்ளவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. வென்றவர்களைப் பற்றிக் கட்டப்படும் கதை என்று சொன்னீர்களே, அந்தக் குற்றச்சாட்டு ‘தானாக எழுந்தார்’ என்கிற கதைகளுக்குத்தான் முதலில் பொருந்தும்.

பெர்கின்ஸில் லாரா பிரிட்ஜ்மன் என்ற மூத்த பெண்மணி வாழ்ந்துவந்தார். பார்வையும் செவியும் இல்லாத அவர், 1837 இல் சிறுமியாக அங்கே வந்து, விரல்களால் எழுத்துக்கூட்டக் கற்றவர். அவரோடு பேசிப் பழகித்தான் ஆன் அந்த விரலெழுத்தில் தேர்ச்சி பெற்றார். படிப்பு முடிந்து, 1887 மார்ச் மாதம், தம் இருபதாவது வயதில், பார்வையும் செவியும் இல்லாத ஹெலன் கெல்லர் என்ற ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிக்க அலபாமா சென்றபோது, ஆன் ஒரு பொம்மையைக் கொண்டுபோனார். பெர்கின்ஸ் பள்ளியின் பார்வையற்ற குழந்தைகள் கொடுத்தனுப்பிய பொம்மை அது. அதற்கு உடை அணிவித்தவர் லாரா பிரிட்ஜ்மன். அந்தப் பொம்மையை ஹெலனிடம் கொடுத்துவிட்டு, அதன் பெயரைத்தான் ஆன் முதன்முதலாக ஹெலனின் உள்ளங்கையில் விரலால் எழுதினார். ஒரு மாதம் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில், கையில் வழிந்த நீருக்கு ஆன் எழுதிய சொல்தான் பெயர் என்று ஹெலனுக்குப் புரிந்ததை எல்லோரும் அறிவோம். எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பொம்மையின் உடை. கண்ணும் காதும் இல்லாத ஒருவர், தாம் அதுவரை சந்தித்திராத ஒரு குழந்தைக்காக அதை உடுத்தி அனுப்பியிருக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்து, 1924 முதல் பல பத்தாண்டுகள், பார்வையற்றோருக்கான அமெரிக்க நிறுவனத்துக்காக நாடு நாடாகச் சென்று உழைத்தார்.

மீண்டவர் ஏன் பிறருக்கு உழைக்கத் தொடங்குகிறார் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பரிவை மட்டும் பெற்றவர், பெறுகிறவராகவே இருந்துவிடுகிறார். நன்றிக்கடன் அவரை அழுத்தவும் செய்கிறது. நம்பிக்கையோடு ஒரு பொறுப்பைப் பெற்றவரோ, முதல் நாளிலிருந்தே கொடுக்கிறவராக மாறிவிடுகிறார். அவருக்குச் சேவை என்பது குணமடைந்த பிறகு செய்யும் கைம்மாறு அன்று, குணமடைவதற்கான வழியே அதுதான்.

இது என் ஊகம் மட்டும் அன்று. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய் என்று பல இடர்கள் ஒருசேரச் சூழ்ந்திருந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள மனிதர்களாக வளர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்டவற்றுள் ஒன்று பலருக்கும் தெரியும்: தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, அவர்களைக் கைவிடாத ஒரு பெரியவராவது இருந்தார். இன்னொன்றை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலைகளைச் சுமப்பது என்று, தாம் செய்யாவிட்டால் நடக்காது என்கிற ஒரு பொறுப்பு அவர்களில் பலருக்குச் சிறு வயதிலேயே வாய்த்திருந்தது. நம்பிய ஒருவர், நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலை ஆகிய இரண்டும் சேர்ந்தே அவர்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன.

வெறும் பாராட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட சிறுவர்கள், அடுத்து வந்த கடினமான புதிரில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள்; உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். ‘நீ எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமா’ என்று உங்கள் தம்பியிடம் சொல்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தம்பியின் துயரத்தோடு ஒப்பிடத் தகாதது என்றாலும். இருபத்திரண்டு வயதில், ஒரே தேர்வில் இரண்டாவது முறையும் தோற்று, எதற்கும் உதவாதவன் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஓர் அச்சகத்தின் மூலையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பேன். அங்கே மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த முதியவர், நான் ஏன் அங்கே வந்து உட்காருகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு மாலை, மை காயாத தாளை என் முன்னால் போட்டு, “நான் ஒன்பது பிழை பிடித்திருக்கிறேன் தம்பி. இன்னும் இரண்டாவது இருக்கும். என் கண்ணுக்குப் படவில்லை. விடிந்தால் அச்சுக்குப் போக வேண்டும்” என்றார். நான் மூன்று பிழைகள் கண்டுபிடித்தேன். அவர் பாராட்டவில்லை; மூன்றையும் திருத்திவிட்டு அடுத்த தாளை எடுத்துப் போட்டார். அந்த இரவுக்குப் பிறகு நான் அந்த மூலையில் சும்மா உட்கார்ந்ததில்லை.

ஊக்கம் ஒன்றே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பொருத்தமான செயற்கைக் கால், படியேறாமல் வெளியே போகும் வழி, தொடர்ந்த பயிற்சி ஆகியவை இல்லாதவரிடம் எழுந்து நட என்பது கொடுமை. இரண்டு ஆண்டுகளாக ஒருவர் அறையை விட்டு வெளியே வரவில்லை என்றால், அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, மனநல மருத்துவர் ஒருவரைக் கட்டாயம் பார்க்கச் செய்யுங்கள். அதை மன உறுதிக் குறைவு என்று அவருடைய அக்காவே எழுதலாமா? உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி அதுதான்.

கணக்கு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால், தோளைத் தட்டிக்கொடுக்க வந்தவர்களில் ஒருவராவது தம் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாரா? சிறு தொழில் நடத்துகிறவர், சங்கப் பொருளாளர், மாதக் கடைசியில் வரவும் செலவும் பொருந்தாமல் தவிப்பவர் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துவாருங்கள். உண்மையிலேயே சிக்கலில் இருக்கும் கணக்காக அது இருக்க வேண்டும். உங்கள் தம்பிக்குப் பொழுதுபோகட்டும் என்று நீங்கள் உருவாக்கிய வேலையாக இருந்தால், முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். என்றைக்குள் வேண்டும் என்ற நாளையும் வந்தவரே சொல்லட்டும். அந்த நாளில் அவர் திரும்பி வந்து கேட்கவும் வேண்டும். முதல் முறை உங்கள் தம்பி அந்த நோட்டைத் தொடாமலே இருக்கலாம். அப்போதும் அதை அறையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.