டைல்ஸ் விலை மாறினால் புரோகிராமையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். பில் போட சி மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். விலை மாறும்போதெல்லாம் அதைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது. லுவா கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். சரிப்படுமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: தாராளமாகச் சரிப்படும். 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த லுவா, இன்னொரு புரோகிராமுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்றே உருவான மொழி. இலவசம், அளவும் சில நூறு கிலோபைட்தான். உங்கள் சி புரோகிராம் அப்படியே இருக்கட்டும். விலையையும் கணக்கு விதியையும் மட்டும் ஒரு லுவா கோப்புக்கு மாற்றுங்கள். அப்புறம் விலை ஏறினால் நோட்பேடில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும், கம்பைல் தேவையில்லை.

முதலில் டேபிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரிசைப் பட்டியல், பெயர் சொன்னால் விலை தரும் அட்டவணை, ஓர் ஆர்டரின் முழு விவரம் எல்லாமே லுவாவில் டேபிள்தான். வளவு, முகப்பு, பட்டாலை என்று அறைவாரியாகச் சதுர அடியைப் போட்டு வைக்கலாம். தமிழ்ப் பெயர்களை மேற்கோள் குறியும் சதுர அடைப்பும் இட்டு எழுத வேண்டும். பிறகு ஒரு ஃபங்ஷன்: பத்து அங்குல டைல் என்றால் சதுர அடிக்கு 1.44. வளவு 120 சதுர அடி, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 181.44, மேல்நோக்கி முழுமையாக்கினால் 182 டைல்கள்.

சி தெரிந்தவர்கள் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. பட்டியல் 1இல் தொடங்கும், 0இல் அல்ல. அதைவிட ஆபத்து, லுவாவில் பூஜ்யம் உண்மைதான். நில் (nil, மதிப்பே இல்லை என்பது), ஃபால்ஸ் (false) இரண்டு மட்டுமே பொய். 'இருப்பு இருந்தால் பில் போடு' என்று சி பழக்கத்தில் எழுதினால், இருப்பு 0 ஆனாலும் பில் விழும். 'இருப்பு 0-க்கு மேல்' என்றே எழுதுங்கள். மாறிகளுக்கு முன்னால் லோக்கல் (local) போடுவதையும் விடாதீர்கள். போடாவிட்டால் அது லுவா நிரல் முழுக்கப் பொதுவாகி, வேறு ஃபங்ஷனின் கணக்கைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடலாம்.

லுவா கோப்பை சி பக்கத்திலிருந்து பிகால் (pcall, பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் அழைப்பு) வழியாகவே அழையுங்கள். விலைப் பட்டியலில் பிழை இருந்தாலும் கடை நேரத்தில் புரோகிராம் படுத்துவிடாமல், பிழைச் செய்தி மட்டும் வரும். மெட்டாடேபிள், கோருட்டீன் எல்லாம் அருமையான வசதிகள், ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

இன்னொன்று, ஒரு சொல்லின் நீளத்தைச் சொல்லும் # குறி எழுத்துகளை எண்ணாது, பைட்டுகளை எண்ணும். 'ஆச்சி' என்ற பெயருக்கு 15 என்று சொல்லும். அதை நம்பி இடம் விட்டால் பில்லில் பத்திகள் கோணும். எண்களை முதலிலும் பெயரைக் கடைசியிலும் அச்சிடுங்கள்.