50,000 வேண்டாம், முதலில் 9,000 போதும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. குலசேகரம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் எட்டாவது முடித்து ஒன்பதாவது போகிறாள். போன வருடம் குறுவட்டப் போட்டியில் 600 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம், மாவட்டத்தில் மூன்றாமிடம். நாகர்கோவிலில் இளையோர் தடகள அணி ஒன்றில் சேர்க்கச் சொல்கிறார் ஒரு பயிற்சியாளர். வாரம் மூன்று நாள் மாலைப் பயிற்சி. சேர்க்கைக் கட்டணம் 2,000, மாதம் 1,000, ஸ்பைக்ஸ் எனும் ஆணி வைத்த ஷூவும் உடுப்பும் 8,000, சத்துப் பவுடர் மாதம் 3,000, திருவனந்தபுரத்தில் கோடை முகாமுக்கு 25,000. “கையில் 50,000 வைத்துக்கொண்டு இறங்குங்கள்” என்கிறார்.

வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு. எனக்கு அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) வேலை. நல்ல மாதத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து 24,000 வரும். ஜூன், ஜூலை மழையிலும், இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சிலும் 12,000 தேறினால் பெரிது. மகளிர் குழுக் கடன் மாதம் 1,800. சீட்டு 2,000, அதை எடுத்து வீட்டு ஓடு மாற்றிவிட்டோம், ஜூலையில் முடியும். மகள் பெயரில் செல்வமகள் கணக்கில் மாதம் 1,000 போடுகிறோம், ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அதை எடுக்கலாமா, இல்லை என் இரண்டு பவுன் செயினை அடகு வைக்கலாமா? “பின்னாடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும், அப்போது அடைத்துக்கொள்ளலாம்” என்கிறார் அவர். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பிள்ளை ஓடுவதைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: பிள்ளையைச் சேருங்கள் சகோதரி. செயினைக் கழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

செல்வமகள் கணக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மகள் பத்தாம் வகுப்பு முடிக்க வேண்டும், அல்லது 18 வயது ஆக வேண்டும். அதற்கு முன் செலவுக்கென்று அதில் கை வைக்க முடியாது. பிறகும் இருப்பில் பாதி வரைதான், அதுவும் மேற்படிப்புக்குத்தான். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. பாதுகாப்பான இடத்தில் இவ்வளவு வட்டி கிடைப்பது அபூர்வம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மாதா மாதம் 1,000 போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு நிதியாண்டில் 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். வெட்டு நிற்கிற மாதங்களில் கடன் வாங்கி அதில் போடாதீர்கள். பால் ஓடும் மாதத்தில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

நகைக்கு வருவோம். 50,000 ரூபாய்க்கு வங்கியில் 10 சதவீதம் என்றால் வருட வட்டி 5,000. அவசரத்துக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்கும் கடையில் வைத்தால் 12,000. அதாவது பிள்ளையின் ஒரு வருடப் பயிற்சிக் கட்டணம் முழுவதும் வட்டியாகவே போய்விடும். மீட்க வேண்டிய தவணை ஒரு ஜூலையில் வந்து நிற்கிறது என்று வையுங்கள். அப்போது யாரிடம் கை ஏந்துவது? வருமானம் ஏறி இறங்கும் வீட்டில், திரும்ப வராத செலவுக்கு நகையை அடகு வைக்கக் கூடாது. நான் இதில் கறாராகவே இருப்பேன்.

திரும்ப வராத செலவு என்று சொன்னதும் உங்கள் வீட்டுக்காரருக்கு வருத்தம் வரலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் தேசிய அளவிலும் அதற்கு மேலும் பதக்கம் வாங்கியவர்கள். மாவட்டத்தில் மூன்றாமிடம் வாங்கிய 13 வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு வேலையையும் ஒரு அடகுக் கடனையும் சேர்த்து ஏற்றினால், அவள் ஓடுவது எப்படி? படிப்புக்குச் செலவு செய்வதைப்போல, நல்ல உணவுக்குச் செலவு செய்வதைப்போல இதையும் செய்யுங்கள். வந்தால் வரட்டும்.

அப்புறம் அந்த 50,000. பயிற்சியாளர் சொன்னதெல்லாம் ஒரே நாளில் தேவைப்படுகிறவை அல்ல. முதல் மூன்று மாதம் பாருங்கள். ஓட்டப் பயிற்சிக்கு ஒரு நல்ல ஷூ 2,200. சேர்க்கை 2,000. மூன்று மாதக் கட்டணம் 3,000. சாப்பாட்டுக்குக் கூடுதலாக மாதம் 600 வீதம் 1,800. மொத்தம் 9,000. இவ்வளவுதான். மூன்று மாதம் கழித்தும் பிள்ளை விருப்பத்தோடு போகிறாளா, முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்கிறாளா, வீட்டுப்பாடம் நிற்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம்.

ஸ்பைக்ஸ் ஷூவை அதுவரை தள்ளி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். கடனைப் பற்றிப் பேசத்தான் வந்தார். பையில் மகனுடைய ஸ்பைக்ஸ் இருந்தது. 7,000 ரூபாய், பையன் வளருவான் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார். அந்தக் காகிதம் வியர்வையில் ஊறி, காய்ந்து, கல் மாதிரி ஆகியிருந்தது. பையனுக்குப் பெருவிரல் நகம் கறுத்துப்போனதுதான் மிச்சம். ஷூ சரியான அளவுக்கு வந்தபோது அடி தேய்ந்து கிழிந்திருந்தது. அந்தக் கடன் மட்டும் அப்படியே இருந்தது.

வளரும் பிள்ளையின் பாதத்துக்கு 1,800 ரூபாய் ஸ்பைக்ஸ் தாராளம். ஒரு வருடம் உழைத்தால் போதும். வாங்கும்போது ஆணியைக் கழற்றி மாட்டும் வகையாகக் கேளுங்கள். செயற்கை ஓடுபாதைக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆணி. மண் தரைக்குச் சற்று நீளம் வேண்டும். ஷூ ஒன்றே, ஆணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பயிற்சியில் பெரும்பகுதி சாதாரண ஷூவில்தான் நடக்கும் என்பதால் முதல் காசு அதற்கே போகட்டும்.

சத்துப் பவுடருக்கு மாதம் 3,000 ரூபாயா? வருடத்துக்கு 36,000! சரியான மருத்துவக் காரணம் இல்லாமல் 13 வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. பள்ளியில் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. வீட்டில் இன்னொன்று அவித்துக் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு மட்டிப்பழமும் ஒரு கை வறுத்த கடலையும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்கிற அன்றைக்குக் கூடவே சாளை (மத்தி மீன்) கறி வைத்தால் ஓடுகிற பிள்ளைக்கு வேண்டிய மாவும் புரதமும் ஒரே தட்டில் வந்துவிடும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பாக்கெட்டில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நான் போட்ட 600 ரூபாய் இதற்குத்தான்.

திருவனந்தபுரம் முகாம் இந்த வருடம் வேண்டாம். வேண்டாம் என்று சொல்லத் தயங்கவும் வேண்டாம்.

இனி, அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு செலவு. உங்கள் கூலி. வாரம் மூன்று நாள் பிள்ளையை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் நீங்கள் மதியத்தோடு எழுந்து வர வேண்டியிருக்கும். அரை நாள் கூலி 200 என்று வைத்தாலும் மாதம் 2,400, வருடம் 28,800. பஸ்ஸில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உங்கள் இருவருக்கும் அந்தச் செலவு மிச்சம். ஆனால் நேரம் மிச்சமாகாது. இருட்டிய பிறகு தக்கலையில் இன்னொரு பஸ்ஸுக்காக நிற்கும் பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி விழும்.

அதனால் என் யோசனை இது. சனிக்கிழமை மட்டும் நாகர்கோவில். வாரநாளில் இரண்டு நாள் உங்கள் பள்ளி மைதானத்திலேயே பயிற்சி. பயிற்சியாளர் எழுதிக் கொடுப்பதை உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். குறுவட்டப் போட்டிக்கு அழைத்துப்போனவர் அவர்தானே, நீங்கள் போய்க் கேட்டால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இந்த வயதில் வாரம் மூன்று நாள் ஒழுங்கான பயிற்சி போதும். அதே பக்கத்திலிருந்து இன்னும் ஒன்றிரண்டு பிள்ளைகள் போனால், தாய்மார்கள் முறை வைத்துக் கூட்டிப்போகலாம். மாதம் நாலு சனிக்கிழமைக்கு மட்டும் என்றால் கட்டணத்தை 500 ஆக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

பணம் கட்டுவதற்கு முன் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, தடகளத்துக்கு அரசுப் பயிற்சி நடக்கிறதா, கட்டணம் என்ன என்று கேளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளைப் பற்றியும் விசாரியுங்கள். 7, 8, 9, 11 ஆம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் தேர்வுப் போட்டி வைப்பார்கள். தேறினால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. ஒன்பதாவது சேரும் உங்கள் மகளுக்கு இந்த வருடமே வாய்ப்பு இருக்கிறது. வீட்டைவிட்டு அனுப்புவதா என்பது நீங்களும் அவளும் பேசி முடிவு செய்ய வேண்டியது. பணத்துக்காக மட்டும் அனுப்பாதீர்கள்.

தனியார் அணியில் சேர்த்தால், அது மாவட்டத் தடகளச் சங்கத்தில் பதிவு பெற்றதா, மைதானத்தில் பெண் பயிற்சியாளரோ பெண் உதவியாளரோ இருக்கிறாரா, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டா என்று கேளுங்கள். பிறந்த தேதியை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் அன்றோடு வெளியே வந்துவிடுங்கள். எலும்பு வயதுப் பரிசோதனையில் அகப்பட்டால் பிள்ளையின் பெயர்தான் கெடும்.

சரி, வருடக் கணக்கு. முதல் 9,000 போக, மீதி ஒன்பது மாதத்துக்குப் பாதிக் கட்டணம் 4,500, சாப்பாடு 5,400, ஸ்பைக்ஸ் 1,800, உடுப்பு 1,200, உள்ளூர்ப் போட்டிகள் நாலுக்கு 2,400, கால்வலி, சுளுக்கு என்று மருத்துவத்துக்கு 2,400. மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் உங்கள் இருவருக்கும் பயணத்துக்கும் தங்குவதற்கும் 5,000 தனியாக. எல்லாம் சேர்த்து 31,700.

இதை 12 ஆல் வகுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு வருடம் எட்டு மாதம்தான். பள்ளிப் போட்டிகள் சூடு பிடிப்பது ஜூலை, ஆகஸ்டில். உங்கள் கை வற்றிக் கிடப்பதும் அப்போதுதான். அதனால் ஏப்ரலிலும் மேயிலும் 5,000 வீதம் எடுத்து வையுங்கள். 9,000 செலவு போக மீதி 1,000 குறுவட்டப் போட்டி நாளுக்கு. ஜூன், ஜூலையில் ஒன்றும் வேண்டாம். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை மாதம் 3,600, அதில் ஒரு மாதம் மட்டும் 3,700. சீட்டு ஜூலையில் முடிவதால் அந்த 2,000 அப்படியே இங்கே வந்துவிடும். புதிதாகத் தேட வேண்டியது 1,600. புதுச் சீட்டில் சேரச் சொல்லி யார் வந்தாலும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பணத்துக்குத் தபால் அலுவலக ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) சரிப்படாது. அது ஐந்து வருடம், மூன்று வருடத்துக்கு முன் முடிக்கவும் முடியாது. வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ மகள் பெயரில் சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். 10 வயது தாண்டிய பிள்ளை தானே கையெழுத்திட்டு நடத்தலாம். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் மாநில அளவில் தனிநபர் முதலிடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அப்படி ஒரு நாள் வந்தால் அந்தப் பணமும் அவள் கணக்கிலேயே இருக்கட்டும், வீட்டுக் கடனுக்கு எடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தக் கணக்கு முழுவதும் உங்கள் வீட்டுக்காரர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குள் இறங்குவதை நம்பித்தான் நிற்கிறது. வழுக்கும் சரிவு, பாம்பு, இருட்டு. வங்கிக் கணக்கின் வழியாகப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டை எடுங்கள். வருடம் 20 ரூபாய், 2 லட்சம் பாதுகாப்பு. 50 வயதுக்குள் என்றால் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் சேர்த்து எடுக்கலாம், அதுவும் 2 லட்சம். நீங்கள் இருவருமே எடுங்கள். பயிற்சிக்குச் சேர்ப்பதற்கு முந்தின வாரமே இதை முடித்துவிடுங்கள்.

ஷூ வாங்க மகளை மாலை நேரத்தில் கூட்டிப் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் விரிந்திருக்கும், அந்த அளவுக்கு வாங்குவதுதான் சரி. சாக்ஸ் போட்டு நிற்கச் சொல்லி, பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடச் சொல்லுங்கள். குதிகால் நழுவினால் வேறு ஜோடி கேளுங்கள்.