விமானத்தில் பவர் பேங்க் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஊற்றியே ஆக வேண்டும். கரண்ட் சாமானில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுச் சுவர் பிளக்குக்கு அந்தப் பயம் சரி. ஐந்து வோல்ட் பவர் பேங்கில் பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான்.

சிங்கப்பூரில் பதினோரு வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தேன். பயிற்சியில் முதலில் புரிய வைத்ததே இதுதான்: தீ அணைந்துவிட்டது என்று நம்பாதே. விமானத்தில் இருக்கும் தீயணைப்பு வாயுவான ஹேலானை அடித்தால் ஜுவாலை அடங்கிவிடும், ஆனால் பேட்டரியின் சூடு குறையாது. உள்ளே ஒரு செல் கொதித்து வெடித்தால் அந்தச் சூட்டில் பக்கத்து செல்லும் கொதிக்கும். சில நிமிடம் கழித்து மறுபடி பற்றிக்கொள்ளும். அதனால் ஹேலான் அடித்த கையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்போம். தண்ணீர் போதாவிட்டால் டிராலியில் இருக்கும் ஜூஸ், கோலா எதுவானாலும் சரி, மதுபானம் மட்டும் ஆகாது. ஐஸ் கட்டி போடக்கூடாது, போர்வையால் மூடவும் கூடாது; இரண்டுமே சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். புகைகிற சாதனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் கூடாது.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில் தலைக்கு மேலே இருக்கும் சாமான் பெட்டியில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள், விமானம் எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதே வருடம் ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டும், பறக்கும்போது பவர் பேங்கை சார்ஜ் செய்யவோ அதிலிருந்து சார்ஜ் ஏற்றவோ கூடாது என்று தடுத்துவிட்டன. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய பவர் பேங்கை ஊருக்குக் கொண்டு போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: செக்-இன் பெட்டியிலும் வேண்டாம், தலைக்கு மேலேயும் வேண்டாம், கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

அப்புறம், போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள். ஒருமுறை சென்னை விமானத்தில் ஒரு தம்பி, விழுந்த போனை எடுக்க இருக்கையை நிமிர்த்தப் போனார். "தம்பி, பட்டனைத் தொடாதீங்க, எழுந்து இந்தப் பக்கம் வாங்க" என்று கத்தியே விட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால், போன் இரும்புக் கம்பிக்கு நடுவே சிக்கியிருந்தது. இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தால் பேட்டரி நசுங்கித் தீப்பிடித்திருக்கலாம்.