அமெரிக்காவில் வாங்கும் மெத்தையில் உள்ள தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் குழந்தைக்குக் கேடு விளைவிக்குமா?

குழந்தைக்காக மெத்தை வாங்கவிருக்கும் நீங்கள், தீப்பற்றாமலிருக்க அதன் நுரையில் கலக்கும் வேதிப்பொருள்கள் நஞ்சு என்று படித்துவிட்டு, அது எந்த அளவுக்கு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அதற்கு அடிப்படையான செய்திகளில் பெரும்பாலானவை மெத்தையைப் பற்றியவை அல்ல, சோபாவைப் பற்றியவை. எங்கள் வீட்டில் மெத்தையால் வந்த தொல்லை வேறொரு பொருளிலிருந்து வந்தது.

முதலில் சோபா. பாலியூரிதேன் நுரை தீப்பற்றினால் சில நிமிடங்களில் அறையே எரியும் அளவுக்கு வெப்பத்தைக் கக்கும். அதனால் அறைகலன்களில் வைக்கும் நுரை ஒரு சிறு சுடரை 12 விநாடிகள் தாங்க வேண்டும் என்று 1975இல் கலிஃபோர்னியா மாநிலம் 'டி.பி. 117' என்ற விதியைக் கொண்டுவந்தது. அம்மாநிலத்தின் சந்தை மிகப் பெரியது என்பதால், நாடெங்கும் விற்கும் சோபாக்களுக்கும் தயாரிப்பாளர்கள் அதே நுரையைப் பயன்படுத்தினார்கள். நுரையில் அவர்கள் கலந்த பென்டா பிபிடிஇ என்னும் புரோமின் சேர்மம் நுரையோடு வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேறி வீட்டுத் தூசியில் படிகிறது. தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் அது பெரியவர்களைவிட அதிகமாகச் சேர்கிறது. அதன் மூலக்கூறு தைராய்டு ஹார்மோனை ஒத்த வடிவம் கொண்டது என்பதால், மூளை வளரும் பருவத்தில் அந்த ஹார்மோனின் வேலையில் குறுக்கிடக்கூடும் என்பதே மருத்துவர்களின் கவலை. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வொன்று 2013இல் வெளியிட்ட முடிவின்படி, கருவுற்றிருந்தபோது தாயின் இரத்தத்தில் இச்சேர்மங்கள் மிகுந்திருந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும், ஏழு வயதில் நுண்ணறிவுத் தேர்வில் சற்றே குறைந்த மதிப்பெண்ணும் காணப்பட்டன. இதுதான் காரணம் என்று அதைக்கொண்டு மட்டும் அறுதியிட முடியாது; ஆனாலும் எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய முடிவும் அன்று.

பென்டா பிபிடிஇ தயாரிப்பு அமெரிக்காவில் 2004 இறுதியில் நின்றது. அதற்கு மாற்றாக நுரையில் கலந்தவற்றுள் ஒன்று குளோரின் கலந்த டிரிஸ். 1970களில் குழந்தைகளின் இரவு உடைகளில் பூசப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பியதால் கைவிடப்பட்ட பொருள் அது. உடையில் வேண்டாம் என்று விலக்கியதை இருக்கையில் வைத்துத் தைத்த இந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! 2011இல் கலிஃபோர்னியாவே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

மெத்தைக்கு வருவோம். 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி விதி, எரியும் சுடருக்கு ஆளான மெத்தை, அடுத்த 30 நிமிடச் சோதனையில் எந்தக் கட்டத்திலும் 200 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் வெளியிடக் கூடாது என்கிறது. எந்தப் பொருளைக் கொண்டு அதைச் சாதிக்க வேண்டும் என்று அவ்விதி சொல்வதில்லை. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நுரையில் வேதிப்பொருள் கலப்பதை விட்டுவிட்டு, நுரைக்கும் மேலுறைக்கும் இடையே தீயைத் தடுக்கும் ஓர் உட்துணியைச் சுற்றினார்கள். விலை உயர்ந்த மெத்தைகளில் அது கம்பளியாக இருக்கலாம். மலிவான பல மெத்தைகளில் அது கண்ணாடியிழை.

இது தெரியாமல்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, அவன் மெத்தையை நனைத்துவிட்டான் என்று மேலுறையின் ஜிப்பைத் திறந்து, உறையைக் கழற்றித் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார். தலையணை உறையாயினும் மெத்தை உறையாயினும் கழற்றித் துவைத்தே பழகியவர் அவர். ஜிப் வைத்திருப்பது திறப்பதற்காகத்தானே என்று பிறகு அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மேலுறையைக் கழற்ற வேண்டாம் என்ற எச்சரிக்கை, மெத்தையின் அடிப்பக்கத்தில் தைத்திருந்த சீட்டில் பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு நாளில் எல்லோருக்கும் கைகால் அரித்தது. மூட்டைப்பூச்சி என்று முதலில் நினைத்தோம். இரவில் விளக்கை அணைத்துக் கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் சாய்த்துப் பார்த்தபோதுதான், மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடியிழை ஊசிகள் அறையெங்கும் மின்னுவது தெரிந்தது. அந்த உறைக்குப் பிறகு அதே இயந்திரத்தில் துவைத்த குழந்தையின் துணிகளிலும் அவை ஒட்டியிருந்தன. துணிகளில் பாதியையும் கம்பளத்தையும் தூக்கியெறிந்தோம். நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியாலும் ஈரத்துணியாலும் மூன்று வாரம் துடைத்த பிறகே அரிப்பு நின்றது.

இவ்வகைக் கண்ணாடியிழையைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தப் போதிய சான்றில்லை என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிலைப்பாடு. தோல், கண், தொண்டை ஆகியவற்றை உறுத்தும் என்பதில் மட்டும் ஐயமில்லை. கலிஃபோர்னியா 2023இல் இயற்றிய சட்டம், 2027 ஜனவரி முதல் அம்மாநிலத்தில் கண்ணாடியிழை கலந்த மெத்தைகளின் விற்பனையைத் தடை செய்கிறது.

எனவே வாங்கும்போது நுரையைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சில தீங்கான வேதிப்பொருள்கள் இல்லை என்று மெத்தைகளுக்குக் காட்டும் 'செர்டிப்யூர்' சான்று நுரைக்கு மட்டுமே உரியது. உட்துணிக்கும் மேலுறைக்கும் அது பொருந்தாது. தீத்தடுப்பு எதனால் ஆனது என்று எழுத்து மூலம் கேளுங்கள். தைத்துள்ள சீட்டில் கண்ணாடியிழை என்று இருந்தால், நான் வாங்க மாட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் ஜிப்பைத் தொடாமல், ஈரம் புகாத உறை ஒன்றை மேலே போட்டுவிடுங்கள். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 புதிய சிறுவர் மெத்தைகளைச் சோதித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், சிலவற்றில் தீத்தடுப்புச் சேர்மங்கள் இன்னும் இருப்பதையும், உடலின் சூடும் எடையும் சேரும்போது மெத்தையிலிருந்து வேதிப்பொருள்கள் வெளியேறுவது கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். ஆகையால் புது மெத்தையைச் சில நாள் காற்றோட்டமாக வைப்பதும், தொட்டிலைச் சுற்றி அடிக்கடி ஈரத்துணியால் துடைப்பதும் வீண் வேலையல்ல.

ஊருக்குத் திரும்பும் நண்பர்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய சோபா உங்கள் வீட்டில் இருந்தால், மெத்தைக்கு முன்பாக அதன் அடியில் உள்ள சீட்டைப் பாருங்கள். 'டி.பி. 117' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நுரையில் வேதிப்பொருள் இருக்க வாய்ப்பு மிக அதிகம். 2013இல் திருத்திய விதியைக் குறிக்கும் 'டி.பி. 117-2013' என்றிருந்தால், தீத்தடுப்பு வேதிப்பொருள் சேர்த்திருக்கிறார்களா இல்லையா என்று குறியிட்டுக் காட்டும் கட்டம் பெரும்பாலும் அந்தச் சீட்டிலேயே இருக்கும்.